எவ்வளவு அழுத்தி அளப்பது

தாராவியில் எங்கள் முதலாளி பாயின் லேத் பட்டறையில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே, சுவரை ஒட்டிய சின்ன மேசைக்கு முன்னால். மேசைமேல் ஒரு கண்ணாடிப் பலகை, ஒரு வெள்ளைத் துணி, ஒரு மைக்ரோமீட்டர். லேத்தில் கடைந்து வரும் நைலான் புஷ்களை ஒவ்வொன்றாக அளந்து, சரியாக இருப்பதை நீல டப்பாவிலும் தவறியதைச் சிவப்பு டப்பாவிலும் போடுவது என் வேலை. புஷ் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. விரலை நுழைத்தால் மோதிரம் மாதிரி மாட்டிக்கொள்ளும், நடுவில் ஓட்டை உள்ள வெள்ளை உருளை. ஏதோ ஒரு மெஷினுக்குள் அதைச் சொருகுவார்கள். ஓட்டைக்குள் ஒரு தண்டு சுற்றும். ஐரோலியில் உள்ள ஒரு கம்பெனிக்கு அவை போகின்றன.

இந்த நாற்காலி எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம், இதில் உட்கார்ந்தால் யாரோடும் பேச வேண்டாம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு வராது. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி எனக்கு முன்னால் வந்து நின்றால் நகர்ந்து இடம் கொடுத்துவிடுவேன். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோதுகூட, இனிமேல் டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டார் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. புஷ் என்னைக் கேள்வி கேட்காது.

இரண்டாவது காரணத்தை நான் வெளியில் சொல்வதில்லை. என் மகள் சான்பாடாவில் இருக்கிறாள். அவள் அப்பா காலமான பிறகு, "ஒத்தையில அந்தக் கோலியில, அந்த ஒரு ரூமுல கெடந்து என்ன செய்யப்போற, இங்க வந்துரு" என்று ஒவ்வொரு போனிலும் கூப்பிடுவாள். மாப்பிள்ளை நல்ல மனிதர். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வீட்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் ஹாலுக்கு வந்தால் எழுந்து, டீ வேண்டுமா என்று யாராவது கேட்டால் வேண்டும் என்று சொல்லக் கூசிக்கொண்டு, மிச்ச நாளைக் கழிப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். இதை மகளிடம் சொன்னால் அழுதுவிடுவாள். "வேலை இருக்கே தாயி" என்பேன். என்னிடம் இருந்த பதில் அது ஒன்றுதான். நாற்காலி போனால் அந்தப் பதிலும் போய்விடும்.

போன வருஷம் அது போகப் பார்த்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் மைக்ரோமீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வருவதற்கு முன்பு எங்கள் பட்டறையில் வெர்னியரால்தான் அளப்பார்கள். இரண்டு தாடை வைத்த ஸ்கேல் போல இருக்கும். பெருவிரலால் தள்ளி, பொருளை நடுவில் பிடித்து, கோட்டைப் படிக்க வேண்டும். லேத் ஓட்டும் அண்ணாச்சி அளந்தால் ஓர் அளவு, பாய் அளந்தால் ஓர் அளவு, நான் அளந்தால் இன்னோர் அளவு வரும். அண்ணாச்சிக்குப் பெருவிரலில் அசுர பலம். எனக்கு அப்படி இல்லை. அளந்த துண்டு என்னவோ ஒன்றேதான். "மதினி தொட்டும் தொடாம பிடிக்காவ" என்று அண்ணாச்சி சிரிப்பார். என் வீட்டுக்காரரை அவர் அண்ணன் என்று கூப்பிட்டவர். அதனால் நான் அவருக்கு மதினி. பட்டறையில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும்தான்.

ஐரோலி வேலை வந்ததும் பாய் கருவிக் கடைகள் இருக்கும் நாக்தேவி தெருவுக்குப் போய் மைக்ரோமீட்டர் வாங்கி வந்தார். குதிரை லாடம் மாதிரி வளைந்த இரும்பு. அதன் ஒரு முனையில் அசையாத ஒரு முகம். எதிர் முனையிலிருந்து ஒரு தண்டு திருகாணிபோலச் சுற்றிக்கொண்டு வந்து பொருளைத் தொடும். தண்டைச் சுற்றுவதற்கு, கோடு போட்ட தடித்த உருளை ஒன்று இருக்கிறது. அந்த உருளையின் கடைசியில் ஒரு சின்னக் குமிழ். ராட்செட் என்பார்கள்.

கடைக்காரர் சொல்லி அனுப்பியதைப் பாய் எங்களிடம் அப்படியே சொன்னார். உருளையைப் பிடித்துத் திருகக் கூடாது. தண்டு பொருளுக்குப் பக்கத்தில் வந்ததும் குமிழை மட்டும்தான் விரல் நுனியால் சுற்ற வேண்டும். தண்டு பொருளைத் தொட்டு, வேண்டிய அளவு அழுத்தம் வந்தவுடன் குமிழ் கிர்ர் கிர்ர் என்று தானாக வழுக்கிவிடும். அதற்கு மேல் நாம் எவ்வளவு சுற்றினாலும் தண்டு முன்னால் போகாது. அப்போது கோட்டைப் படிக்க வேண்டும்.

"அப்பொ நம்ம கைக்கு வேலையே இல்லியா?" என்றார் அண்ணாச்சி, கொஞ்சம் மனசு விட்டுப்போய்.

"கைக்கு வேலை இருக்கு அண்ணாச்சி. கைப்பலத்துக்குத்தான் வேலை இல்ல" என்றார் பாய்.

எனக்கு அந்தக் குமிழை அன்றைக்கே பிடித்துவிட்டது. ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போது டேப்பை இறுக்கிப் பிடிக்கிற தையல்காரியும் உண்டு, தளர்த்திப் பிடிக்கிற தையல்காரியும் உண்டு. உடம்பு அதேதான், ரவிக்கைதான் வேறு வேறாக வரும். குமிழ் அந்தப் பிரச்சினையைத் தீர்த்துவைத்தது. பலசாலி சுற்றினாலும் நோஞ்சான் சுற்றினாலும் அது ஒரே இடத்தில்தான் விட்டுக்கொடுக்கும். பாய் அளப்பதும் நான் அளப்பதும் ஒன்றாக வந்தன. அதற்குப் பிறகுதான் என்னைப் பொட்டலம் கட்டும் வேலையிலிருந்து எடுத்து இந்த நாற்காலியில் உட்காரவைத்தார் பாய். "அக்காவுக்குப் பொறுமை இருக்கு, வாயும் இல்ல. இந்த வேலைக்கு அதுதான் வேணும்" என்றார். அதைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

வேலை நடக்கும் முறை இது. அண்ணாச்சி காலையில் கடையும் முதல் துண்டை என்னிடம் கொண்டுவருவார். நான் அளந்து, இத்தனை கூட இருக்கிறது, இத்தனை எடுக்கலாம் என்பேன். அவர் லேத்தைத் திருத்திக்கொண்டு அந்த நாளின் மொத்த வேலையையும் அதே அளவில் ஓட்டுவார். ஆக, நான் சொல்லும் எண்ணிலிருந்துதான் எல்லாம் புறப்படும்.

ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாளில் ஐரோலியிலிருந்து ஒரு லாட் சரக்கு திரும்பி வந்தது. எல்லாப் புஷ்ஷும் வெளி அளவில் தடிமனாக இருக்கிறது, மெஷினில் சொருக முடியவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி வந்த மூட்டையைப் பிரித்து நான் அளந்தேன். சரியாக இருந்தது. பாய் அளந்தார், சரி. அண்ணாச்சி தன் பழைய வெர்னியரை எடுத்து, பெருவிரலால் நெரித்து அளந்தார். அதிலும் சரி.

"அவனுக மீட்டருதான் கெட்டுப்போச்சு" என்றார் அண்ணாச்சி.

பாய் வேறு மாதிரி நினைத்தார். நைலான் ஈரத்தைக் குடித்தால் ஊதும். டெம்போவில் போகும்போது ஏதாவது ஆகியிருக்கும் என்று அடுத்த லாட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை ஒட்டி அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது.

அன்றைக்குப் பாய் என் மேசைக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணாச்சி லேத்தை நிறுத்திவிட்டு வந்து பின்னால் நின்றுகொண்டார்.

"அக்கா, கோடு நல்லா தெரியுதுல்லா?"

"தெரியுது."

"கண்ணாடி மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

"மாத்தினேன், இப்பத்தான்."

"ஒருவேள கோட்ட மாத்திப் படிச்சிருப்பியளோ?"

நான் மைக்ரோமீட்டரைத் துணியால் துடைத்தேன்.

"மதினி, நீங்க சொன்ன அளவுக்குத்தான் நான் கடைஞ்சேன்" என்றார் அண்ணாச்சி. "நீங்க சொல்லாம நான் கடையுற டூல ஒரு முடி அளவுகூட நவுத்துனதில்ல. அப்பொ தப்பு எங்கன இருக்கு? நீங்களே சொல்லுங்க."

"செத்த சும்மா இருங்க அண்ணாச்சி. அக்கா, நான் ஏசுறதுக்குக் கேக்கல. உடம்பு கிடம்பு சரியில்லாம, ஒரு நாளு ரெண்டு நாளு கவனம் தப்பியிருக்கலாம்லா?"

"இருக்கலாம்" என்றேன்.

"படிக்கையில தப்பு வந்திருக்கும், என்ன?"

"இருக்கலாம்."

அப்படி எதுவும் நடக்கவில்லை. கோட்டை நான் சரியாகத்தான் படித்தேன், எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் இரண்டு ஆண்கள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டால், அவர்கள் எந்தப் பதிலுக்காகக் கேட்கிறார்களோ அந்தப் பதில்தான் என் வாயிலிருந்து வரும். சின்ன வயதிலும் அப்படித்தான், கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் அப்படித்தான். அந்த இடத்தை விட்டு அவர்கள் எழுந்து போனால் போதும் என்று இருக்கும்.

பாய் எழுந்தார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இன்னொரு தடவ திரும்பி வந்துச்சுன்னா கம்பெனிக்காரன் வேற காலாவ, வேற பட்டறையப் பாத்துருவான். நான் என்ன செய்ய, சொல்லுங்க? இதுக்குப் படிச்ச ஆளு ஒண்ணு போட்டுத்தான் ஆவணும். தப்பா நினைக்காதீக அக்கா."

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். எடுக்கவில்லை.

மறுநாள் பாய் ஐரோலிக்குப் போன் போட்டு, உங்கள் மீட்டரைச் சோதித்துப் பாருங்கள் என்று இந்தியில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலைக் கேட்டுச் சத்தம் குறைந்தது. அங்கே சரக்கைச் சோதிக்கும் மேடம், உங்கள் மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு வாருங்கள், அளக்கிற ஆளையும் கூட்டி வாருங்கள் என்றாராம்.

இரண்டு நாள் கழித்துப் போனோம். பாயின் டெம்போவில் முன் சீட்டில், மைக்ரோமீட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாயே ஓட்டினார். செம்பூர் தாண்டினோம். பாலத்தில் ஏறியதும் சொன்னார்: "அங்க கேட்டா வாயத் தெறந்து சொல்லணும் அக்கா. தலைய மட்டும் ஆட்டிக்கிட்டு நின்னுறாதீக."

நான் தலையை ஆட்டினேன்.

"இதத்தான் சொல்லுதேன்" என்றார்.

சான்பாடா வந்தபோது மகளின் கட்டடம் இருக்கும் பக்கம் திரும்பாமல் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு போனேன்.

கம்பெனியில் அந்த அறைக்குள் போவதற்கு முன்பு செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஐஸ் மாதிரிக் குளிர். எனக்கு முதலில் தோன்றியது குளிர்கூட இல்லை, அமைதி. எங்கள் காலாவுக்கு அடுத்த காலாவில் பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் மெஷின் ஒன்று புதிதாக வந்திருந்தது. அது ஓட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பட்டறையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்பதில்லை. இந்த அறையில் என் வளையல் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

மேடம் என்றது ஒரு சின்னப் பெண்ணை. என் மகளைவிட இளையவள். மேலே வெள்ளைக் கோட்டு. அளப்பது யார் என்று இந்தியில் கேட்டாள். பாய் என்னைக் காட்டினார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"முன்னால வாங்கக்கா. ஒண்ணும் கடிச்சிர மாட்டாவ" என்றார் பாய் மெதுவாக.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "கடிக்க மாட்டேன் மாமி. வாங்கோ."

பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மேடம் தமிழா?"

"பொறந்து வளந்ததெல்லாம் மாட்டுங்கா. தமிழ் பேசுவேன். படிக்கச் சொன்னேள்னா மட்டும் மாட்டிப்பேன்" என்றாள். "போன்ல என் மீட்டரைத் திட்டினது நீங்கதானே?"

"திட்டல மேடம். கேட்டேன்."

"நன்னா கேட்டேள். மாமி, உக்காருங்கோ. நீங்க எப்பவும் எப்படி அளப்பேளோ அப்படியே அளந்து காட்டுங்கோ."

நாங்கள் அனுப்பிய புஷ்களில் ஒன்றை எடுத்துத் தந்தாள். முதலில் நான் மைக்ரோமீட்டரின் இரண்டு முகங்களையும் துடைத்து, ஒன்றோடொன்று சேர்த்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தேன். காட்டியது. பெட்டியில் அதோடு வந்த எஃகுத் துண்டை வைத்துப் பார்த்தேன். அதன் மேல் எழுதியிருக்கிற அளவு அப்படியே வந்தது. அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தாள். பிறகு புஷ்ஷை வைத்துக் குமிழைச் சுற்றிப் படித்தேன். எல்லைக்குள் இருந்தது. சொன்னேன்.

அவள் தன்னுடையதை எடுத்து அதே புஷ்ஷை அளந்தாள். எல்லையைத் தாண்டி இருந்தது. புஷ்ஷைத் திருப்பிப் பிடித்து இன்னொரு முறை அளந்தாள். அதேதான்.

"ருக்கோ, இருங்கோ. மறுபடி நீங்க" என்றாள்.

நான் அளந்தேன். எல்லைக்குள். அவள் அளந்தாள். எல்லைக்கு வெளியே. பாய் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், அந்தக் குளிரில்.

அவள் அளக்கும்போது கிர்ர் கிர்ர் என்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நான் அளக்கும்போது கேட்கவில்லை. கடைசியில் ஒரு முறை, அதுவும் நான் நன்றாக அழுத்திச் சுற்றிய பிறகு, டொக் என்று ஏதோ நகர்ந்தது. அந்தச் சத்தத்தை மறந்தே எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் நினைத்தேன். அரைக்கிற மெஷின் இரைச்சலில் காது அதைத் தேடவே இல்லை. விரல் கணுக்கள் கொஞ்ச நாளாக வலித்துக்கொண்டிருந்தன. வயது ஆகிறது, அதுதான் வலி என்று சாயங்காலம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லலாமா என்று நினைத்தேன். படித்த பெண், அவளுக்குத் தெரியாததா என்றும் இருந்தது. பாய் என்னைப் பார்த்தார். அவருடைய பார்வையில், வேறு ஆளை எடுக்கத்தான் வேண்டும் என்பது எழுதி ஒட்டினதுபோல் இருந்தது.

"ஒங்களது சத்தம் போடுது" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்ன சொன்னேள் மாமி?"

"ஒங்களது சத்தம் போடுது. இது போடல."

அவள் என் மைக்ரோமீட்டரை வாங்கி, குமிழை விரல் நுனியால் சுற்றினாள். புருவம் ஏறியது. இன்னும் அழுத்திச் சுற்றினாள். "ஐயோ, இது என்ன இவ்ளோ டைட்டா இருக்கு!" விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே கொண்டுபோனாள். குமிழுக்கும் உருளைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் மஞ்சளும் பழுப்புமாக ஏதோ இறுகிப் போயிருந்தது. ஓர் ஊசியால் சுரண்டி, மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"சந்தனமா இது?"

பாய் அவள் முகத்தைப் பார்க்காமல் மேலே ஃபேனைத் தேடினார். அந்த அறையில் ஃபேன் இல்லை.

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜை அண்ணாச்சி பொறுப்பு. பொரி, கடலை, பழம், பூ எல்லாம் கிங்ஸ் சர்க்கிளில் வாங்கி வருவது பாய்தான். பூஜை நடக்கும்போது வாசலில் நின்று பார்த்துவிட்டு, முடிந்ததும் சுண்டலுக்கு முதல் ஆளாக வருவார். அண்ணாச்சி லேத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார். மற்ற வருஷங்களில் மைக்ரோமீட்டருக்குப் பெட்டியோடு சரி. மூடிமேல் ஒரு பொட்டு. போன வருஷம், ஐரோலி வேலை நிலைத்துவிட்ட சந்தோஷத்தில், பெட்டியைத் திறந்து அதை வெளியே எடுத்தார். "இந்த வருசம் சோறு போட்டது இவந்தான்" என்றார். தேங்காய் எண்ணெய் தடவினார். எங்கே பொட்டு வைப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, தலை மாதிரி இருந்த குமிழில் சந்தனத்தைத் தாராளமாக அப்பினார். மறுநாள் வெளியில் தெரிந்ததைத் துடைத்தாயிற்று. உள்ளே போன சந்தனம் எண்ணெயோடும் நைலான் தூளோடும் சேர்ந்து காய்ந்து, வழுக்க வேண்டிய குமிழை வழுக்கவிடாமல் பிடித்துக்கொண்டது.

"யார் வெச்சா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

பாய் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "பூஜையில வச்சது."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. "இங்கயும் தசராவுக்கு மெஷினுக்கெல்லாம் மாலை போடுவா மாமி. ஆனா அதுக்கு முன்னாடி அளக்கற சாமானையெல்லாம் அலமாரில வெச்சுப் பூட்டிடுவோம். அலமாரிக் கதவுக்குத்தான் குங்குமம்."

"பூஜ்யம் சரியா இருந்துச்சே மேடம்" என்றார் பாய். "எஃகுத் துண்டும் சரியா காட்டுச்சே?"

அவள் தன் மைக்ரோமீட்டரில் எஃகுத் துண்டை வைத்தாள். குமிழ் சத்தம் போட்டதும் அளவைக் காட்டினாள். பிறகு குமிழை விட்டு, உருளையையே பிடித்து அழுத்தித் திருகினாள். எண் அநேகமாக நகரவே இல்லை. "எஃகு விட்டுக்குடுக்காது. அதனால நீங்க எவ்ளோ அழுத்தறேள்னு அது காட்டிக்குடுக்காது" என்றாள். பிறகு புஷ்ஷை வைத்தாள். குமிழால் சுற்றியபோது ஓர் எண். உருளையைப் பிடித்துத் திருகத் திருக எண் குறைந்துகொண்டே வந்தது. எல்லைக்குள் வந்துவிட்டது, இன்னும் குறைந்தது. "பாத்தேளா? நடுவுல ஓட்டை, மேல நைலான். எவ்ளோ மரியாதையா உள்ள போறது பாருங்கோ." தளர்த்திவிட்டு மறுபடி குமிழால் அளந்தாள். புஷ் பழைய அளவுக்கே வந்திருந்தது.

நல்ல குமிழ் எவ்வளவு அழுத்தத்தில் விடும் என்று பாய் கேட்டார். அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள் என்று அவள் சொன்னாள். அரிசிப் பொட்டலம் ஒன்றை உள்ளங்கையில் வைத்தால் எவ்வளவு கனமோ அவ்வளவுதான். எங்களுடையது அதைப்போலப் பல மடங்கு அழுத்திய பிறகுதான் விட்டுக்கொண்டிருந்தது. நான் அத்தனை நாளும் தடித்த புஷ்களை நசுக்கி, மெல்லியதாக்கி, அந்த அளவைப் படித்து அண்ணாச்சிக்குச் சொல்லியிருக்கிறேன். கோட்டைச் சரியாகத்தான் படித்தேன். கோடு காட்டியது நசுங்கிய புஷ்ஷின் அளவு. பாயும் அதே குமிழைத்தான் சுற்றினார். அண்ணாச்சியின் வெர்னியரை நெரித்தது அவருடைய பெருவிரல். அதனால்தான் மூன்று பேருக்கும் ஒன்றாக வந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்து பாய் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன 'இருக்கலாம்'களும் நினைவுக்கு வந்தன. அந்தப் புஷ்ஷின் நிலை எனக்கு நன்றாகவே புரிந்தது. கேட்டவர் கொஞ்சம் மெதுவாகக் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். அதில் பாயின் தப்பு என்று எதையும் நான் நினைக்கவில்லை. தன் கையின் பலம் யாருக்கும் தெரிவதில்லை.

பெட்டியில் இருந்த சின்னச் சாவியால் அந்தப் பெண் குமிழைக் கழற்றி, ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் கொண்டு கழுவித் திரும்பப் பூட்டினாள். கிர்ர் கிர்ர் என்றது. என் கையில் கொடுத்து, "இப்போ பாருங்கோ" என்றாள். நான் அளந்தேன். அவள் எண்ணும் என் எண்ணும் ஒன்றாக இருந்தன. வெளி அளவு கூட இருப்பதால் புஷ் எதையும் தூக்கிப்போட வேண்டாம், எடுத்துப்போய்ச் சீவிக் கொண்டுவாருங்கள் என்று பாயிடம் சொன்னாள். வேலை எங்களோடு தங்கியது.

திரும்பும்போது பாய் வண்டியை நிறுத்தி இரண்டு கட்டிங் சாயா, அரை கிளாஸ் டீ, வாங்கினார். குடித்துக்கொண்டே ரோட்டைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, ஒரு சங்கடம். ஐ.டி.ஐ. படிச்ச ஆளு ஒருத்தன்கிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். எங்க மாமியா வழிச் சொந்தம். இப்பொ வேண்டாம்னா அங்கன ஒரு பேச்சு வரும்."

சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை அந்த ஆள் வந்து நாற்காலியில் உட்காருவான். பாய் என்னைத் திரும்பப் பொட்டலம் கட்டச் சொல்வார், அல்லது அதையும் சொல்லக் கூச்சப்பட்டு, வீட்டில் ஓய்வெடுங்க என்பார். நான் 'சரி' என்பேன். அந்த 'சரி' வாய்க்குள் தயாராக இருந்தது. சாயா சூடாக இருந்ததால் உடனே வெளியே வரவில்லை.

"வரவேண்டாம்னு சொல்லுங்க" என்றேன்.

பாய் திரும்பிப் பார்த்தார்.

"நான் அளக்கேன். எனக்கு அந்த வேலை வேணும்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா அக்கா?"

"அன்னைக்கு நீங்க அதக் கேக்கலியே. கண்ணு தெரியுதான்னுதான் கேட்டீக."

பாய் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். அங்கேயே நின்று மாமியார் வீட்டுக்குப் போன் போட்டார். முதல் இரண்டு வாக்கியத்துக்குப் பிறகு அவர் பேசவே இல்லை. அந்தப் பக்கம்தான் பேசியது. "சரி மாமி, சரி மாமி" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைசியில் "இல்ல மாமி, ஆளு இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பட்டறையில் சந்தனக் கதையைக் கேட்டு அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி கும்புட்டது ஒரு தப்பா? சந்தனம் குளிர்ச்சிதான, அது எப்படிப் பிடிக்கும்?"

"சாமியக் கும்புடுங்க அண்ணாச்சி, யாரு வேண்டாம்னா? ராட்செட்டக் கும்புடாதீங்க" என்றார் பாய். "சுண்டல் மட்டும் எப்பவும் போல."

அண்ணாச்சி என் மேசைக்கு வந்து குமிழை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். அது கிர்ர் என்றதும் கையை எடுத்துக்கொண்டார். "நான் ஒங்களக் கொற சொல்லிப் பேசிட்டேன் மதினி" என்றார். திரும்பி வந்த மூட்டையிலிருந்து ஒரு புஷ்ஷைச் சீவி எடுத்து வந்து கண்ணாடிப் பலகையில் வைத்தார். அளந்தேன். இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும் என்று காட்டினேன். மறுபேச்சு இல்லாமல் போய் லேத்தை ஓட்டினார்.

சாயங்காலம் மகளின் போனை எடுத்தேன். அன்றைக்கு ஏன் எடுக்கவில்லை என்று சண்டை பிடித்தாள். பிறகு, மாப்பிள்ளை சின்ன ரூமை எனக்காக ஒழித்துப் போட்டிருக்கிறார், இந்த மாசமே வந்துவிடு என்றாள்.

"ஞாயித்துக்கெழம வாரேன் தாயி" என்றேன். "ராத்திரி தங்கமாட்டேன். ஒனக்கு வருத்தமா இருக்கும், எனக்குத் தெரியும். அங்க எனக்கு ஒரு கொறையும் இருக்காது, அதுவும் தெரியும். ஆனா எனக்கு இங்கதான் இருக்கணும்."

அழுவாள் என்று நினைத்தேன். "அப்பொ ஞாயித்துக்கெழம காலையிலயே வந்துரு. மீன் வாங்கி வைக்கேன்" என்றாள்.